வெள்ளிக்கிழமை திறக்கக்கூடாத பெட்டி

மூன்றாம் இலக்க வெயில் பெட்டியின் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. சிலிக்கோன் மாதிரிகளை வெள்ளிக்கிழமைகளில் வெளியே எடுக்கக்கூடாது என்று அதில் ஜேர்மன் மொழியில் அச்சடித்திருக்கும். கீழே நீலப் பேனாவால் இரண்டு கோடு இழுத்திருக்கும். அந்தக் கோடுகளை இழுத்தது நான்தான். அதைப் பார்த்துவிட்டு, ஆய்வுகூடத்தில் எனக்குப் பின் வந்த நீங்கள் என்ன பேசிக்கொள்வீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். கிழவிக்கு வெள்ளிக்கிழமை விரதம், அதனால் சிலிக்கோனுக்கும் விரதம் வைத்துவிட்டாள் என்று உங்களில் ஒருவர் சொன்னது என் காதிலும் விழுந்தது. சொன்னவர் பயப்பட வேண்டாம். பாதி சரியாகத்தான் சொன்னீர்கள்.

என் பிரியாவிடை நாளில், பீலெஃபெல்ட்டில் இருந்து வந்து புதிதாகச் சேர்ந்திருந்த பிள்ளை கேக் தட்டோடு என் பக்கத்தில் வந்து நின்று, "அக்கா, உண்மையா ஏன் வெள்ளிக்கிழமை எடுக்கக்கூடாது?" என்று தமிழில் கேட்டாள். சுற்றிவரக் கூட்டம். "பிறகு சொல்லுறன்" என்று தப்பிவிட்டேன். அந்தப் பிறகு இப்போதுதான் வந்திருக்கிறது. இந்தக் கதையை நான் ஜேர்மன் மொழியில் ஒருமுறை எழுதியிருக்கிறேன். அது ஒன்றரைப் பக்க அறிக்கை. நடந்தது எல்லாம் அதில் இருந்தது. எனக்கு என்ன நடந்தது என்பது மட்டும் இருக்கவில்லை. ஆகவே இந்த முறை தமிழில். உங்களில் தமிழ் வாசிக்கத் தெரிந்த இருவரும் மற்றவர்களுக்குச் சொல்லிவிடுங்கள்.

இப்போது நீங்கள் வேலை செய்யும் கூடத்துக்குப் பெரிய யன்னல்கள் இருக்கின்றன. என் காலத்தில் வெயில் பெட்டிகள் எல்லாம் நிலக்கீழ் அறையில் இருந்தன. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு சூரியன் எரிந்துகொண்டிருக்கும். பிளாஸ்டிக், பெயின்ற், இறப்பர் என்று உலகத்தில் வெயில் படுகிற சாமான் எல்லாவற்றையும் அந்த விளக்குக்கு முன்னால் தொங்கவிட்டு, புற ஊதாக் கதிர் அதை எப்படிக் கெடுக்கிறது என்று பார்ப்பதுதான் எங்கள் தொழில். ஹம்பேர்க்கில் குளிர்காலத்தில் நான் இருட்டில் வேலைக்குப் போவேன், இருட்டில் வீட்டுக்கு வருவேன். பகலில் நான் கண்ட ஒரே வெயில், கறுத்த கண்ணாடிச் சதுரத்துக்குப் பின்னால் எரிந்ததுதான். சில நாட்களில் காலை வணக்கத்துக்கும் மாலை வணக்கத்துக்கும் இடையில் நான் ஒரு சொல்லும் பேசியிருக்க மாட்டேன். வீட்டிலும் யாரும் இல்லை. நான் கல்யாணம் கட்டவில்லை. அதைப் பற்றிக் கேட்பவர்களுக்கு, அகதி அன்ட்ராக்குக்கு, அதுதான் விண்ணப்பத்துக்கு, வரிசையில் நின்றதில் அந்த வரிசையைத் தவறவிட்டேன் என்று பகிடியாகச் சொல்லிவிடுவேன்.

எனக்கு முன் அந்தப் பெட்டிகளைப் பார்த்தவர் ஓய்வுபெறுவதற்கு முன் ஆறு மாதம் என்னோடு இருந்தார். முசுட்டு மனுசன், ஆனால் சூது இல்லாதவர். சாதாரண பிளாஸ்டிக்கின் மூலக்கூறுச் சங்கிலி காபனால் ஆனது, புற ஊதாக் கதிர் அதை வெட்டிவிடும், பல்கனியில் உட்காரும் கதிரை வெடித்து நொறுங்குவது அதனால்தான் என்று சொல்லித்தந்தார். சிலிக்கோன் வேறு சாதி. அதன் முதுகெலும்பில் காபனே இல்லை. சிலிக்கனும் ஒட்சிசனும் மாறி மாறிக் கைகோத்திருக்கும். மணலிலும் கண்ணாடியிலும் இருக்கும் அதே பிடிப்பு. "மணலை வெயில் என்ன செய்யும்? சிலிக்கோன் வந்தால் உனக்கு விடுமுறை என்று நினைத்துக்கொள்" என்றார்.

ஒருமுறை பல்கலைக்கழகத்தில் இருந்து ஒரு மண்ணிறப் போத்தலில் மெல்லிய படலம் ஒன்று வந்தது. அதிலும் முதுகெலும்பு சிலிக்கன்தான், ஆனால் நடுவில் ஒட்சிசன் இல்லாமல் சிலிக்கனோடு சிலிக்கன் நேரே பிணைந்தது. இதுவும் சிலிக்கன்தானே என்று நான் அதை மேல்மாடி யன்னலோரம் வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்து தொட்டால் விரலில் பிசினாக ஒட்டியது. வெளிச்சம் சங்கிலியைத் துண்டு துண்டாக்கிவிட்டது. கிழவர் கத்திய கத்தலில் இரண்டு மாடிக்குக் கேட்டிருக்கும். அன்றைக்கு நான் படித்த பாடம், ஒட்சிசன் நடுவில் இருந்தால் பயமில்லை என்பது. அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் சொன்னது முதுகெலும்பைப் பற்றி மட்டும். முதுகெலும்பு முறியாத ஆளுக்கு வேறு ஒன்றும் நடக்காது என்று நான்தான் முடிவுகட்டினேன்.

இனி வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். என்னுடைய ஒரே அக்கா வுப்பர்டாலில் இருந்தா. அத்தான் இறந்து, மகள் டொரொண்டோவில் கல்யாணம் கட்டிப் போன பிறகு அவவும் தனியாள்தான். வெள்ளிக்கிழமை நண்பகலோடு என் வேலை முடியும். நேரே ரயிலைப் பிடித்தால் மாலைப் பூசைக்குக் கோயிலில் நிற்கலாம். பிறகு அக்கா வீட்டில் மரக்கறிச் சாப்பாடு. சனி, ஞாயிறு அங்கேதான். கிழமை முழுக்க வாய்க்குள் கிடந்த தமிழை எல்லாம் அந்த இரண்டு நாளில் கொட்டிவிட்டு வருவேன். அதற்காகத்தான் மற்ற ஐந்து நாளும் வேலைக்குப் போனேன் என்று சொன்னாலும் பிழையில்லை.

ஆகவே என் வேலை முறை இப்படி அமைந்தது. வெள்ளிக்கிழமை காலையில் காலம் முடிந்த மாதிரிகளைப் பெட்டியில் இருந்து எடுத்து, துடைக்காமல், கடுதாசி உறையில் போட்டு மேசை இழுப்பறையில் வைப்பேன். திங்கட்கிழமை காலை வந்து அளப்பேன். பிளாஸ்டிக்குக்கும் பெயின்றுக்கும் இதனால் ஒரு நட்டமும் இல்லை. வெடித்த கதிரை மூன்று நாள் இருட்டில் கிடந்தாலும் வெடித்த கதிரைதான். பல வருடம் இப்படியே செய்தேன், ஒரு பிழையும் வரவில்லை. பிறகு சிலிக்கோன் மாதிரிகள் வரத் தொடங்கின. முறையை மாற்றவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. படிவத்தில் அளந்த நாளுக்குக் கட்டம் இருந்தது. வெளியே எடுத்த நேரத்துக்குக் கட்டம் இருக்கவில்லை. கட்டம் இல்லாததை யார் எழுதுவார்கள்?

அந்தச் சிலிக்கோன், மின்கம்பியைக் கம்பத்தில் இருந்து பிரித்து வைக்கும் காவலிகளுக்கான இறப்பர். அதன் பெருமை என்னவென்றால் அதில் தண்ணீர் ஒட்டாது. மழை பெய்தாலும் பனிப்புகார் மூடினாலும் தண்ணீர் துளித் துளியாகத் தனித்தனியே நிற்கும். துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து படலமானால் அதன்மேல் மின்சாரம் ஊர்ந்து கம்பத்துக்கு இறங்கிவிடும். துறைமுகப் பக்கத்துக் காற்றில் உப்பும் இருப்பதால் சொல்லத் தேவையில்லை. நான் செய்யவேண்டியது, வெயில் பட்டு முடிந்த துண்டின்மேல் தண்ணீர் விசிறி, துளி நிற்கிறதா படிகிறதா என்று பார்ப்பது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் துளி உருண்டு திரண்டு அழகாக நின்றது. நான் கையெழுத்துப் போட்டேன்.

நவம்பர் மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, முதலாளி என்னை மேலே கூப்பிட்டார். எங்கள் பகுதித் தலைவரைத்தான் நாங்கள் முதலாளி என்போம். அவருடைய அறையில் ஒரு மனிதர் செம்மஞ்சள் மேற்சட்டையோடு உட்கார்ந்திருந்தார். ஏறக்குறைய என் வயது. துறைமுகத்தை ஒட்டி ஓடும் ஒரு தனியார் ரயில் பாதையின் மின்கம்பிகளைப் பராமரிக்கும் குழுவுக்கு அவர்தான் பொறுப்பு. காவலி செய்யும் கம்பனியோடு பேசிப் பார்த்துச் சலித்து, பரிசோதனை அறிக்கையில் இருந்த விலாசத்தைத் தேடி அவரே வந்திருந்தார். ஒரு சாக்குப் பையில் இருந்து காவலி ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார்.

"பனிப்புகாரில் இது சீறுகிறது. நீல வெளிச்சம் ஓடுகிறது. நான் மேலே ஏறிப் பார்த்தேன். யன்னல் கண்ணாடியைப் போல முழுக்க நனைந்து கிடந்தது" என்றார்.

முதலாளி தண்ணீர் விசிறும் போத்தலைக் கொண்டுவரச் சொன்னார். நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். மின்பாதைக்காரர் தானே விசிறினார். மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். துளிகள் திரண்டு, உருண்டு, மேசையில் விழுந்தன. ஓர் இடத்திலும் படியவில்லை.

அந்த மனிதரின் முகம் சிவந்துவிட்டது. மறுபடியும் விசிறினார். மறுபக்கம் திருப்பி விசிறினார். "மேலே இப்படி இருக்கவில்லை. கழற்றி நாலு நாள் என் காரின் பின்பெட்டியில் கிடந்தது, அவ்வளவுதான். நான் பொய் சொல்லவில்லை" என்றார்.

"யாரும் அப்படிச் சொல்லவில்லை" என்றார் முதலாளி மரியாதையாக. "தூசியோ எண்ணெயோ படிந்திருக்கலாம். எங்கள் அறிக்கை தெளிவாக இருக்கிறது."

"வருகிற திங்கட்கிழமை என் ஆட்கள் நாலு பேர் இவற்றுக்குப் பக்கத்தில் ஏறி வேலை செய்யப்போகிறார்கள். ஒரு பாதையில்தான் மின்சாரத்தை நிறுத்துவோம், பக்கத்துப் பாதையில் ஓடிக்கொண்டிருக்கும். பனிப்புகார் வரும் என்கிறார்கள். நான் ஏற்றலாமா வேண்டாமா?"

முதலாளி என்னைப் பார்த்தார். அறிக்கையில் இருந்த கையெழுத்து என்னுடையது.

காரின் பின்பெட்டி என்று அவர் சொன்ன அந்த நொடியில் எனக்கு விளங்கிவிட்டது. அங்கே நாலு நாள் இருட்டு. என் இழுப்பறையில் மூன்று நாள் இருட்டு. வெயிலில் கெட்டது இருட்டில் தேறிவிடுகிறதோ என்று நினைத்தேன். அந்த அறையில் இழுப்பறையைப் பற்றி அறிந்த ஒரே ஆள் நான். வாயைத் திறந்திருக்க வேண்டும். நான் சொன்னது இதுதான்: "எங்கள் அளவுகளில் ஒரு பிரச்சினையும் காணவில்லை."

அது பொய்யில்லை பாருங்கள். அதுதான் அதில் உள்ள அசிங்கம். அவர் காவலியைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு, எங்கள் நேரத்தை வீணாக்கியதற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். அவர் மன்னிப்புக் கேட்டது இன்றைக்கும் என்னைச் சுடுகிறது.

ஏன் பேசவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். பயம். இந்த நாட்டில் அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சியை முடித்து, என் தமிழ்ப் பெயரை ஓர் அறிக்கையின் அடியில் அச்சில் காண்பதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அந்தப் பெயர் ஒருமுறை அழுக்கானால் அவ்வளவுதான் என்று நினைத்தேன். அதோடு, வெள்ளிக்கிழமை ரயில் போய்விடும் என்ற பயமும் இருந்தது. இரண்டில் எது பெரியது என்று என்னிடம் கேட்காதீர்கள்.

புதனும் வியாழனும் அந்த இழுப்பறையைத் திறந்து திறந்து மூடினேன். வெள்ளிக்கிழமை, அதே இறப்பரின் ஒன்பது துண்டுகளுக்குப் பெட்டியில் காலம் முடிகிற நாள். பெட்டி தானே தண்ணீர் தெளிக்கிற வேளை முடிந்து, துண்டுகள் நன்றாகக் காயும்வரை காத்திருந்தேன். நண்பகலுக்குக் கொஞ்சம் முன்னால் திறந்தேன். பயணப் பை கதவோரம் இருந்தது. ஒன்பதையும் எடுத்து, இழுப்பறைக்குக் கொண்டுபோகாமல் மேசையில் அடுக்கினேன். முதல் துண்டின்மேல் விசிறினேன்.

தண்ணீர் முழுத் துண்டிலும் பரவிப் படிந்தது. ஒரு துளிகூட நிற்கவில்லை. யன்னல் கண்ணாடியைப் போல என்று அந்த மனிதர் சொன்னாரே, சொல்லுக்குச் சொல் அதேதான்.

உடனே மேலே ஓடினேன். முதலாளி போய்விட்டார். மின்பாதைக்காரரின் இலக்கத்துக்குத் தொலைபேசி எடுத்தேன், அவரும் போய்விட்டார். ஜேர்மனியில் வெள்ளிக்கிழமை நண்பகலுக்குப் பிறகு ஒரு மனிதரைத் தேடிப் பிடித்துப் பாருங்கள், அப்போது தெரியும். இருவருக்கும் மின்னஞ்சல் எழுதினேன்: அறிக்கையை நம்பவேண்டாம், ஆட்களை ஏற்றவேண்டாம். ஆனால் முதலாளி என்ன சொல்வார் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். பெட்டித் தண்ணீரில் நனைந்த துண்டாக இருக்கும், ஒரு துண்டை வைத்துக்கொண்டு இத்தனை அறிக்கைகளைப் பிழை என்பதா என்பார். அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. மற்ற எட்டுத் துண்டும் நேரம் போகப் போக எப்படி மாறுகின்றன என்று ஒருவர் பக்கத்தில் இருந்து பார்த்தால்தான் பதில் கிடைக்கும். அந்த ஒருவர் நான்தான், வேறு யாரும் இல்லை. அது வெள்ளி, சனி, ஞாயிறு முழுக்கப் பிடிக்கும்.

அந்த வெள்ளிக்கிழமை சும்மா வெள்ளிக்கிழமை இல்லை. அத்தான் இறந்த திதிக்குச் செய்யும் ஆட்டைத்திவசம் அன்றைக்கு விழுந்திருந்தது. மகளுக்கு டொரொண்டோவில் நிறைமாதம், விமானம் ஏற ஏலாது. அக்காவுக்குத் துணையாக நிற்க என்னைத் தவிர ஆளில்லை. படிக்கட்டில் நின்று அவவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"அக்கா, நான் இண்டைக்கு வர ஏலாது."

"என்னடி சொல்லுறாய்? இண்டைக்கு அத்தான்ரை திவசம். ஐயர் நாலு மணிக்கு வாறார்."

"தெரியும் அக்கா. வேலையில ஒரு பிழை விட்டிட்டன். அதை இண்டைக்கே பாக்கவேணும். திங்கட்கிழமை நாலு பேர் கம்பத்தில ஏறப்போயினம்."

"உன்னை விட்டா அங்கை வேறை ஆக்கள் இல்லையோ?"

"இல்லை."

பின்னால் குக்கர் விசில் அடித்தது. "இஞ்சையும் இல்லை" என்றா. பிறகு, "சரி, உன்ரை வேலையைப் பார். நான் பக்கத்து வீட்டு ஜேர்மன் மனுசியைக் கூப்பிட்டுத் தர்ப்பையைப் பிடிக்கச் சொல்லுறன்" என்று சொல்லி வைத்துவிட்டா. அக்காவின் பகிடி எப்போதும் அப்படித்தான், சிரிக்கவும் ஏலாது அழவும் ஏலாது. நான் அழுதேன். நிலக்கீழ் அறையில் அதற்கு ஒரு வசதி உண்டு, யாரும் வரமாட்டார்கள்.

எட்டுத் துண்டையும் இழுப்பறையிலேயே வைத்தேன், என் பழைய பிழையை அப்படியே செய்து பார்ப்பதற்காக. ஒரு துண்டில் ஒரு முறைதான் தண்ணீர் விசிறவேண்டும். நனைத்ததையே நனைத்தால் கணக்குக் குழம்பிவிடும். மாலை ஐந்து மணிக்கு இரண்டாவது துண்டு. தண்ணீர் பெரிய பெரிய திட்டுகளாகப் பரவியது. அந்த நேரம் வுப்பர்டாலில் ஐயர் தர்ப்பணம் முடித்திருப்பார். சனி காலை மூன்றாவது. திட்டுகள் சுருங்கி, தட்டையான துளிகளாகப் படுத்தன. சனி மாலை துளிகள் கொஞ்சம் எழும்பின. ஒவ்வொன்றையும் பக்கவாட்டில் படம் எடுத்து நேரத்தை எழுதினேன். ஞாயிறு பின்னேரம் துளிகள் உருண்டன. வீட்டுக்குப் போவதும் வருவதும் சாப்பிடுவதும் தவிர அந்த மூன்று நாளும் நான் ஒருவரோடும் பேசவில்லை. ஆஸ்பத்திரியில் சொந்தக்காரருக்குப் பக்கத்தில் இருப்பது போல இறப்பர்த் துண்டுகளுக்குப் பக்கத்தில் இருந்தேன். அவை ஒவ்வொரு நாளும் தேறத் தேற என் அறிக்கைகள் ஒவ்வொன்றாகச் செத்தன.

நடப்பது இதுதான். முதுகெலும்பை வெயில் தொடுவதில்லை, கிழவர் சொன்னது சரி. ஆனால் முதுகெலும்பின் இரு பக்கமும் சின்னச் சின்ன மெதைல் அணுக்கூட்டங்கள் தொங்குகின்றன. தண்ணீரை ஒட்டவிடாமல் தள்ளுவது அவைதான். புற ஊதாக் கதிரும் காற்றும் சேர்ந்து அவற்றைக் கழற்றிவிடும். அந்த இடத்தில் ஒட்சிசன் வந்து குந்தும். பக்கத்துச் சங்கிலிகள் அதைப் பிடித்து ஒன்றோடொன்று இறுகும். மேல்தோல் மெல்ல மெல்லக் கண்ணாடிக்குக் கிட்டவான ஒன்றாகிவிடும், தண்ணீர் ஒட்டும். பிறகு இருட்டில் ஓய்வு கிடைத்தால், உள்ளே கட்டில்லாமல் கிடக்கும் குட்டைச் சங்கிலிகள் ஊர்ந்து மேலே வந்து கெட்ட தோலை மூடிவிடும். பார்ப்பவருக்கு ஒன்றும் நடக்காதது போலவே இருக்கும். கீழே கெட்டது கெட்டதுதான். அந்தக் கையிருப்பும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வரும். வெயிலில் தொங்கும் காவலிக்கு என் இழுப்பறையில் கிடைத்த ஓய்வு கிடைக்காது.

ஐந்து நாள் நிலக்கீழ் அறையில் காய்ந்துபோய், வுப்பர்டாலில் இரண்டு நாள் இருந்து தேறி, திங்கட்கிழமை ஒன்றும் நடக்காத முகத்தோடு வேலைக்கு வந்த ஒருத்தியை எனக்குத் தெரியும். அவள் இதை முதலே கண்டுபிடித்திருக்க வேண்டும்.

ஞாயிறு இரவுவரை என் மின்னஞ்சலுக்குப் பதில் வரவில்லை. திங்கட்கிழமை விடிய முன்பே நகர ரயிலான எஸ்-பானில் ஏறி, படங்களையும் கடைசித் துண்டையும் பையில் வைத்துக்கொண்டு, துறைமுகப் பக்கம் போனேன். பனிப்புகார் இறங்கியிருந்தது. பாதையோரம் ஆட்களை உயர்த்தும் மேடை வண்டி இயந்திரம் ஓடிக்கொண்டு நிற்க, நாலு பேர் தலைக்கவசம் மாட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவன் சிரித்தபடி சாண்ட்விச் சாப்பிட்டான். மின்பாதைக்காரர் என்னை அடையாளம் கண்டு, கையில் இருந்த கோப்பையைக் கீழே வைத்தார்.

"நீங்கள் பார்த்தது சரி. அறிக்கைதான் பிழை. பிழை என்னுடையது. அவர்களை ஏற்றாதீர்கள்" என்றேன். மூச்சு வாங்கியது. படங்களை எடுத்து வண்டியின் முன்பக்கத்தில் வரிசையாக வைத்தேன். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு தன் ஆட்களைப் பார்த்து, கீழேயே நில்லுங்கள் என்று கத்தினார். சாண்ட்விச்காரன் தோளைக் குலுக்கிவிட்டுத் தலைக்கவசத்தைக் கழற்றினான். அவனுக்கு அது ஒரு வேலையில்லாத காலை, அவ்வளவுதான்.

வண்டியை நிறுத்திய பிறகு அவர் கேட்டார்: "செவ்வாய்க்கிழமையே இது உங்களுக்குத் தெரியுமா?"

பொய் சொல்ல நல்ல இடம். வெள்ளிக்கிழமைதான் அளந்தேன் என்று சொல்லியிருக்கலாம், அதுவும் உண்மைதான். "சந்தேகம் வந்தது. பயந்துவிட்டேன்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். மன்னித்ததாகத் தெரியவில்லை. "நான் அன்றிலிருந்து என் கண்ணையே நம்பாமல் இருந்தேன். வீட்டில் மனைவியிடம், எனக்கு வயசாகிவிட்டது, வேலையை விடப்போகிறேன் என்றுகூடச் சொன்னேன்" என்றார். துண்டையும் படங்களையும் வாங்கிக்கொண்டு தன் கொட்டகைக்குள் போனார். பிறகு நான் அவரைக் காணவில்லை.

புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நான் சொல்லக்கூடிய ஒன்று இருக்கிறதென்றால் அது இதுதான். நான் செய்த பெரிய பிழை இழுப்பறை இல்லை. இழுப்பறை அறியாமை. சரியானதைக் கண்ட ஒரு மனிதரை ஆறு நாள் தனியே விட்டேன். தனிமை எப்படி இருக்கும் என்று நன்றாகத் தெரிந்த நானே அதைச் செய்தேன். யாராவது ஒரு சாக்குப் பையோடு வந்து, உங்கள் அறிக்கைக்கு எதிராக ஒன்றைச் சொன்னால், முதலில் அவரிடம் அந்தச் சாமான் இதுவரை எங்கே கிடந்தது என்று கேளுங்கள். பிறகு அதே கேள்வியை உங்களிடம் கேளுங்கள். விடை கிடைத்தால் அவர் படியிறங்குவதற்குள் சொல்லிவிடுங்கள்.

முதலாளி அன்று காலை கத்தவில்லை. கத்தியிருந்தால் நல்லது. எட்டு அறிக்கைகளைத் திருப்பி எடுக்க வேண்டியிருந்தது, காவலிகளைக் கழற்ற வேண்டியிருந்தது. அவர் என்னிடம் கேட்டது ஒன்றைத்தான்: "இவ்வளவு காலமும் ஏன் திங்கட்கிழமைவரை வைத்திருந்தீர்கள்?"

"ரயிலைப் பிடிக்க" என்றேன். அவர் அதை எழுதவில்லை. அளவீட்டில் தாமதம் என்று எழுதினார். என்னை வேலையை விட்டு எடுக்கவில்லை. ஆனால் இரண்டு வருடம் என் அறிக்கைகளுக்கு இன்னொருவரும் கையெழுத்து வைத்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அக்காவிடம் போனேன். அவ கோபப்படவில்லை, சாப்பாடு போட்டா. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "போன கிழமை உனக்கும் ஒரு இலை போட்டனான். பின்னேரத்து ரயிலிலை எண்டாலும் வருவாய் எண்டு இருட்டும் வரைக்கும் எடுக்கேல்லை" என்றா. நான் இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னேன். பேரப்பிள்ளை பிறந்து சில மாதத்தில் மகள் அவவைக் கனடாவுக்குக் கூப்பிட்டுக்கொண்டா. அக்கா போன முதல் வெள்ளிக்கிழமை, நான் பழக்கதோசத்தில் பையைத் தூக்கிக்கொண்டு பிரதான ரயில் நிலையம்வரை போய்விட்டேன். வுப்பர்டால் ரயில் போகும் மேடையில் அது புறப்படும்வரை நின்றுவிட்டு, பக்கத்துக் கடையில் முருங்கைக்காய் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

பெட்டிக் கதவில் இருக்கும் அந்தத் தாள் எழுதப்பட்டது அக்கா போன அந்தக் கிழமைதான். முதலாளி எழுதிக் கொடுத்த விதி வேறு: வெள்ளிக்கிழமை சிலிக்கோனை எடுப்பவர், வார இறுதியிலும் வந்து அளக்கவேண்டும். சிலிக்கோனுக்கு அது சரியான விதி. நான் அதை வெட்டிவிட்டு, வெள்ளிக்கிழமை எடுக்கவே கூடாது என்று மாற்றிக் கொடுத்தேன். பெட்டி மூன்று நாள் கூட ஓடினால் ஒன்றும் குடிமுழுகாது, திங்கட்கிழமை எடுத்து அந்த நிமிடமே அளக்கலாம். ஏன் இவ்வளவு கண்டிப்பு என்று அவர் கேட்டார்.

"திறந்தவர் நிற்கவேண்டி வரும். ஒருவரும் நிற்க வேண்டாம்" என்றேன்.

எனக்கு இப்போது வெள்ளிக்கிழமையும் மற்ற நாட்கள் மாதிரித்தான். அக்கா பின்னேரத்தில் தொலைபேசி எடுப்பா, அங்கே காலை. என்ன சமைத்தாய் என்று கேட்பா, நான் ஏதாவது சொல்லுவேன். உங்களுக்கு அப்படி இல்லாமல் இருக்கலாம். வெள்ளிக்கிழமை நண்பகலில் அந்தக் கதவுக்கு முன்னால் நின்று, ஒரு துண்டை மட்டும் எடுத்துப் பார்த்தால் என்ன என்று கை துருதுருக்கும்போது, கீழே இருக்கும் நீலக் கோடு இரண்டையும் பாருங்கள். எங்கேயோ ஒரு வீட்டில் உங்களுக்கும் சேர்த்து இலை போட்டிருப்பார்கள். விளக்கு எரியட்டும் என்று விட்டுவிட்டுப் போய் ரயிலைப் பிடியுங்கள்.